24-ல் ஒரு பங்கு லாரி

பெரிய வண்டிகள் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை அளவு பிசகாமல் சின்னதாகக் கட்டிவைக்கும் கைகள் நம் ஊரிலும் இருக்கின்றன. சட்டம் அவர்கள் வேலையைப் பொம்மை என்கிறது. வீடு அதைப் பொழுதுபோக்கு என்கிறது.

1960-களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் ஒரு காயலான் கடை. வரிசையில் நிற்பவை பழைய கார்கள் இல்லை. பெயின்ட்கூட மங்காத வெண்கல நிறக் கார்கள். முதலில் உள்ளே நெருப்பு வைக்கிறார்கள். சீட் எரிகிறது, டாஷ்போர்டு உருகுகிறது. பிறகு இயந்திரம் வந்து நசுக்குகிறது.

கிரைஸ்லர் கம்பெனியின் டர்பைன் கார்கள் அவை. பிஸ்டனே கிடையாது, ஜெட் விமானத்தில் இருக்கும் வகையைச் சேர்ந்த டர்பைன் இன்ஜின். டீசலிலும் ஓடும், மண்ணெண்ணெயிலும் ஓடும். மொத்தம் 55 கார்கள்தான் கட்டப்பட்டன. அவற்றில் 50 கார்களை 1963 முதல் 1966 வரை, பொதுமக்கள் 203 பேருக்கு ஆளுக்கு மூன்று மாதம் என்று ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். சோதனை முடிந்ததும் 46 கார்கள் அழிக்கப்பட்டன. பாடி இத்தாலியில் கியா பட்டறையில் கட்டப்பட்டது என்பதால் இறக்குமதி வரி கட்ட வேண்டியிருந்தது என்று ஒரு காரணம் சொல்வார்கள். சோதனை வண்டிகள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்குப் போவதைக் கம்பெனி விரும்பவில்லை என்பது இன்னொரு காரணம். மிஞ்சியவை ஒன்பது.

அதே டெட்ராய்ட்டில் ஜோ-ஹான் என்றொரு சின்ன கம்பெனி, இந்தக் காரை 25-ல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் கிட்டாகப் போட்டிருந்தது. பானெட்டுக்குக் கீழே அந்த டர்பைன் இன்ஜின், உள்ளே நடுவில் ஓடும் நீளமான கன்சோல், பின்பக்கத்து விளக்குக் குழல்கள் என்று எல்லாம் அளவு மாறாமல் இருந்தன. கடையில் கிட் வாங்கிய பள்ளிப் பையன்கள் வீட்டு மேசையில் வைத்து ஒட்டினார்கள். நிஜக் காரைப் பார்க்க இன்று அருங்காட்சியகத்துக்கோ பெரும் பணக்காரச் சேகரிப்பாளரின் கொட்டகைக்கோ போக வேண்டும். அந்தப் பெட்டியைப் பிரித்து ஒட்டியவனுக்கோ அதன் ஒவ்வொரு வளைவும் விரலில் இருக்கிறது.

கார், லாரி மாடல் கட்டும் கலையைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் தோன்றியது இந்தக் கதைதான். இதைப் பொம்மை என்று நினைத்து ஒதுக்கிவிட்டால், இதன் பின்னால் இருக்கும் பெரிய விஷயங்கள் எதுவும் கண்ணில் படாது.

வாங்குகிறவர், கட்டுகிறவர்

சின்னக் கார் மோகம் இப்போது நம் ஊர்களிலும் நன்றாகப் பிடித்திருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் புதிய ஹாட் வீல்ஸ் அட்டைகள் வந்து இறங்கும் நாள் தெரிந்து காத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அது வாங்கிச் சேர்க்கும் ஆசை. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கட்டுரை அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றியது. வண்டியை முழுசாகப் பெட்டியிலிருந்து எடுக்காமல், ஒவ்வொரு உறுப்பாகக் கட்டி எழுப்புகிறவர்களைப் பற்றியது.

ஒரு லாரி கிட்டைத் திறந்தால் லாரி இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்களில் கோத்த நூற்றுக்கணக்கான துண்டுகள் இருக்கும். அந்தச் சட்டத்துக்கு ‘ரன்னர்’ என்று பெயர். நிப்பரால் துண்டை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் நிற்கும் முனையை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் முடி போல ஒரு கோடு எழும்பி நிற்கும். அதையும் சுரண்டி எடுக்க வேண்டும். இவ்வளவும் ஒட்டுவதற்கு முன்னால்.

சேஸிஸ் ஒட்டும் இடத்தில்தான் கை தேறியதா இல்லையா என்று தெரியும். இரண்டு நீளச் சட்டங்கள், நடுவில் குறுக்குச் சட்டங்கள். பார்ப்பதற்கு எளிது. ஆனால் பிளாஸ்டிக் பசை ஒட்டுவதில்லை. இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிறது. கரைந்து இறுகுவதற்குள் சட்டம் ஒரு முடி அளவு முறுக்கிக்கொண்டால் போதும், கடைசியில் பத்துச் சக்கரத்தில் ஒன்று தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அதனால் அனுபவசாலிகள் தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் சேஸிஸைக் கவிழ்த்து, மேலே எடை வைத்து, ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுவார்கள். சக்கரம் மாட்டிய பிறகு ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு டயருக்குக் கீழேயும் மெல்லிய காகிதத் துண்டை நுழைத்து இழுப்பார்கள். எல்லா டயரும் காகிதத்தைப் பிடித்தால் சேஸிஸ் நேர். ஒன்றில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் பிரித்துத் திரும்ப ஒட்ட வேண்டியதுதான்.

நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையில் சேஸிஸுக்கு மூலை மட்டம் பார்க்கும் வேலையும் இதே வேலைதான். அளவு மட்டும்தான் வேறு.

■ அளவுக் கணக்கு

கார், லாரி மாடல்களில் அதிகம் புழங்கும் அளவுகள் 1/24, 1/25. அமெரிக்கக் கிட்டுகள் பெரும்பாலும் 1/25. ஜப்பான், ஐரோப்பியக் கிட்டுகள் பெரும்பாலும் 1/24. 24 என்பது அடி-அங்குலக் கணக்கில் வந்தது: நிஜத்தில் ஓர் அடி, மாடலில் அரை அங்குலம்.

12 மீட்டர் பஸ் 1/24 அளவில் 50 சென்டிமீட்டர். நம் அம்பாசடர் கார் 18 சென்டிமீட்டர்.

நீளம் 24 மடங்கு குறையும்போது கனஅளவு 13,824 மடங்கு குறைகிறது.

நிஜக் காரின் பெயின்ட் பூச்சு சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். மாடலில் அதே தடிமனுக்குப் பூசினால், நிஜக் காரில் 2.4 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பூசியதற்குச் சமம். கதவு இடுக்கெல்லாம் அடைபட்டுப் போகும். ஏர்பிரஷ் பிடித்து, பனி படிந்தது போல மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிப்பது அதனால்தான்.

டாங்கி மாடல்களில் வரும் 1/35 அளவுக்கு வேறு கதை. ஜப்பானின் தமியா கம்பெனி 1960-களின் தொடக்கத்தில் மோட்டார் பொருத்திய பாந்தர் டாங்கி செய்தபோது, உள்ளே பேட்டரி அடங்கும் அளவுக்கு உடலை வடிவமைத்தது. பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 1/35. அதுவே உலக அளவாகிவிட்டது.

போட்டியிலிருந்து பெட்டிக்கு

இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1930-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு அமெரிக்கப் பையன்களுக்கு ஒரு போட்டி வைத்தது. நெப்போலியன் காலத்து அரச வண்டி ஒன்றை, கதவு திறந்து மூடும்படி, படி மடங்கும்படி, கையாலேயே செய்து அனுப்ப வேண்டும். முதல் ஆண்டே 5,000 டாலர் வரை கல்வி உதவித்தொகை. பொருளாதார மந்தம் தொடங்கியிருந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். பிறகு அரச வண்டிக்குப் பதில், சொந்தக் கற்பனையில் 1/12 அளவில் கார் வடிவமைக்கச் சொன்னார்கள். 1968 வரை நடந்தது. பெண் பிள்ளைகளுக்கு இடம் தரவே இல்லை. அந்தக் குறையை யாராலும் நியாயப்படுத்த முடியாது.

1948-ல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய ஏ.எம்.டி. கம்பெனி, கார் டீலர்கள் வாடிக்கையாளருக்குக் காட்டவும் கொடுக்கவும் சின்ன மாதிரிக் கார்கள் செய்து கொடுத்தது. 1958-ல் அதையே ஒட்டிக்கொள்ளும் கிட்டாகப் போட்டது. ஒரு பெட்டிக்குள் மூன்று விதமாகக் கட்டும் உறுப்புகள்: ஷோரூமில் நிற்கும் கார், அலங்காரம் செய்த கார், ரேஸ் கார். பையன்கள் பித்துப்பிடித்தது போல வாங்கினார்கள். 1970 வாக்கில் பீட்டர்பில்ட், கென்வொர்த் என்று பெரிய லாரிகளும் பெட்டிக்குள் வந்தன. இத்தாலியின் இட்டாலெரி கம்பெனி பின்னாளில் ஸ்கானியா, வோல்வோ என்று ஐரோப்பிய லாரிகளைக் கொண்டுவந்தது.

ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊரே இந்தத் தொழிலின் தலைநகரம். தமியா, ஹசேகாவா, அவோஷிமா, ஃபுஜிமி எல்லாம் அந்த ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த கம்பெனிகள். கோயில் திருப்பணிக்காகத் தச்சர்களும் செதுக்கு வேலைக்காரர்களும் பல தலைமுறை முன்பே வந்து தங்கிய ஊர் அது. மர வேலை வேர்விட்ட இடத்தில் மர மாடல் முளைத்தது. மர மாடல் பிளாஸ்டிக்காக மாறியது. தமியாவே முதலில் மர அறுவை ஆலையாக இருந்த கம்பெனிதான். 1951-ல் தீ விபத்து அதன் கிடங்கைத் தின்றது. சில ஆண்டுகளில் மர வியாபாரத்தை விட்டு முழுக்க மாடல் பக்கம் வந்துவிட்டது. அந்தக் கம்பெனியை நடத்தி, 2025 ஜூலையில் 90 வயதில் காலமான ஷுன்சாகு தமியா தன் ஆட்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: நிஜப் பொருளைப் போய்ப் பார். போர்ஷே 934 ரேஸ் காரின் கிட்டுக்காக, போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கி, கழற்றி, ஒவ்வொரு உறுப்பாகப் பார்க்கவைத்தவர் அவர்.

மேசையில் தொடங்கிய வேலை

ஃபிஷர் போட்டியில் 1947-ல் முதல் பரிசு பெற்ற இளைஞர் சக் ஜோர்டான். பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் ஒட்டுமொத்த வடிவமைப்புக்கும் தலைவரானார். 1986 முதல் 1992 வரை அந்தக் கம்பெனியின் கார்கள் அவர் கண்ணைக் கடந்துதான் சாலைக்கு வந்தன. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த இர்வ் ரிபிக்கியும் பையனாக அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்தான். கம்பெனி விளம்பரத்துக்காகத் தொடங்கிய போட்டி, அடுத்த தலைமுறையின் வடிவமைப்பாளர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? சென்னையைச் சுற்றிக் கார் தொழிற்சாலைகள் நிற்கின்றன. எண்ணூரில் லாரி உருவாகிறது. கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி என்று ஊருக்கு ஊர் வாகனம் கட்டும் கை இருக்கிற மாநிலம் இது. இங்கே ஒரு பையனோ பெண்ணோ வீட்டு மேசையில் லாரி கட்டினால் ‘படிக்கிற வயசில் என்ன விளையாட்டு’ என்கிறோம். அந்தப் பிள்ளை அப்போது செய்துகொண்டிருப்பது படிப்புதான். கூட்டல் கழித்தலில் தொடங்கி, விகிதம், தோற்றம், கட்டமைப்பு, வேலை வரிசை வரை எல்லாமே அதில் இருக்கிறது. எது முதலில், எது பிறகு என்று யோசிக்காமல் கேபினை ஒட்டிவிட்டால் ஸ்டீயரிங்கை உள்ளே வைக்க முடியாது. பொறியியல் கல்லூரியில் நான்காம் ஆண்டில் படிக்கும் விஷயத்தை அது பன்னிரண்டு வயதில் விரலால் கற்றுக்கொள்கிறது.

கைக்கு மட்டும் பலன் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் ‘மாடல்ஸ் ஃபார் ஹீரோஸ்’ என்ற தொண்டு நிறுவனம் ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் மாடல் கிட்டும் கருவியும் இலவசமாகக் கொடுக்கிறது. போரில் பார்த்தவை தூங்கவிடாமல் துரத்தும் மனதுக்கு, விரலும் கண்ணும் ஒரே இடத்தில் நிற்கும் சில மணி நேரம் ஆறுதல் தருகிறது என்ற நம்பிக்கையில் நடக்கும் வேலை அது.

தன் அச்சைத் தானே அழித்த தொழில்

இந்தத் தொழில் எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்தது என்று சொல்ல முடியாது. நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1960-களில் அமெரிக்கக் கார்கள் ஆண்டுதோறும் முகம் மாற்றின. மாடல் கம்பெனிகளும் ஆண்டுதோறும் புதுக் கிட் போட வேண்டியிருந்தது. எஃகு அச்சு வெட்டுவது பெருஞ்செலவு. அதனால் போன ஆண்டு அச்சையே எடுத்து, முன் கிரில்லையும் பின் விளக்கையும் செதுக்கி மாற்றி, இந்த ஆண்டுக் காராக்கிவிடுவார்கள். எஃகில் ஒருமுறை செதுக்கியது செதுக்கியதுதான். அதனால் அன்று லட்சக்கணக்கில் விற்ற கிட்டுகள் பலவற்றை இன்று யாராலும் பழைய அச்சிலிருந்து திரும்ப அடிக்க முடியாது. பிரிக்காத பழைய பெட்டி ஒன்று கிடைத்தால் அதை ஸ்கேன் செய்து, கணினியில் வரைந்து, புதிதாக அச்சு வெட்டுகிறார்கள். நிஜக் காரின் நகலுக்கு இன்னொரு நகல்.

நம் பக்கம் பார்ப்போம். சென்னை பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி கட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை ஐம்பது வயது தாண்டிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டின் தம்பி. அண்ணனை பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1/32 அளவில் கிட்டாகப் போட்டது. ஆனால் அங்கே செடான் இரண்டு கதவு மட்டும்தான். குடும்பத்தோடு ஏறி இறங்க நான்கு கதவு வைத்தது சென்னைக்காரர்கள். இன்று ஒருவர் சென்னை ஹெரால்டைச் செய்ய நினைத்தால், ஏர்ஃபிக்ஸ் பாடியில் கதவுக் கோட்டைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, முன் கதவைக் குறுக்கி, பின் கதவுக்குப் புதிதாகக் கோடு கீற வேண்டும். கத்தி ஒரு முறை வழுக்கினால் பாடி பாழ். இவ்வளவுக்கும் அளவு வேண்டும். அந்த அளவு எங்கே கிடைக்கும்? தொழிற்சாலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அந்த இடத்தில் ஐ.டி. வளாகம் நிற்கிறது. பிழைத்திருக்கும் கார் ஒன்றைத் தேடிப் போய், டேப் வைத்து அளந்தால்தான் உண்டு.

ஃபோம் ஷீட்டில் ஓடும் டவுன் பஸ்

இத்தனைக்கும் நடுவில், கிட் என்ற சொல்லே தேவைப்படாமல் ஒரு கூட்டம் நம் ஊர்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அரசு பஸ், தனியார் பஸ், லாரி என்று ஃபோம் ஷீட்டிலும் சன்போர்டிலும் கட்டுகிறவர்கள். கேரளத்தில் இது பெரிய அலை. தமிழ்நாட்டிலும் கிராமம் வரை பரவியிருக்கிறது. யூடியூபில் தேடினால் பஸ் பஸ்ஸாக வரும்.

இவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கண்ணாடிக்கு ஓ.எச்.பி. ஷீட். சக்கரத்துக்கு பி.வி.சி. குழாயை வளையமாக அறுத்தது. ஒட்ட ஃபெவிக்விக். ஜன்னல் கம்பிக்கு மெல்லிய கம்பியோ துடைப்பக் குச்சியோ. உள்ளே சீட் வரிசை, மேலே கைப்பிடிக் கம்பி, டிரைவர் தலைக்கு மேல் சாமி படம், சீரியல் லைட்டுக்கு எல்.இ.டி. தடம் எண் பலகையில் எழுத்துரு மாறிவிடக் கூடாது. அந்த டெப்போ வண்டியில் இடப்பக்கக் கண்ணாடி எந்தச் சாய்வில் இருக்குமோ அந்தச் சாய்வில் இருக்க வேண்டும்.

இந்தக் கவனம் சேர்த்துவைப்பது ஒரு வரலாறு. பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், திருவள்ளுவர் என்ற பெயர்களோடு ஓடிய போக்குவரத்துக் கழகங்கள் 1997-ல் அந்தப் பெயர்களை இழந்து பொதுப் பெயர்களுக்கு மாறின. அந்தந்தக் கழகத்துக்கு அப்போது இருந்த நிறம், பட்டை, எழுத்து எல்லாம் போயின. இப்போது அந்தப் பழைய பஸ்ஸைக் கட்ட நினைக்கும் பையன் ஓய்வு பெற்ற கண்டக்டரிடம் கேட்கிறான், பழைய கல்யாண ஆல்பத்தில் பின்னணியில் நிற்கும் பஸ்ஸைப் பெரிதாக்கிப் பார்க்கிறான். அவன் தேடிச் சேர்ப்பது எந்த அலுவலகக் கோப்பிலும் முறையாக இருக்காது.

நேரமும் குறைவு. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. லாரியில் மாற்றம் இன்னும் ஆழமானது. கேபின் இல்லாத சேஸிஸை வாங்கி, நாமக்கல்லில் மரமும் தகரமும் சேர்த்து கேபினும் பாடியும் கட்டிய காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். டிரைவர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய நல்ல விஷயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடவே, தச்சர் கையில் உருவான அந்தப் பழைய முகப்பு, மேலே பலகையில் எழுதிய குடும்பப் பெயர், பம்பருக்குக் கீழே தொங்கிய எலுமிச்சை மிளகாய், பின் பலகை ஓவியம் எல்லாம் சாலையை விட்டு இறங்குகின்றன.

ஜப்பானில் இதே போல ஒரு லாரிக் கலை உண்டு. உடல் முழுக்க விளக்கு, குரோம் தகடு, ஓவியம் என்று ஜோடித்த லாரிகளை அங்கே ‘டெக்கோடோரா’ என்கிறார்கள். 1975 முதல் 1979 வரை வந்த ‘டொராக்கு யாரோ’ சினிமா வரிசை அவற்றை நாடெங்கும் பரப்பியது. அவோஷிமா கம்பெனி அவற்றை 1/32 கிட்டுகளாகப் போட்டது. நிஜ டெக்கோடோராக்கள் சாலையில் குறைந்துவிட்டன. கிட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. நாமக்கல் லாரிக்கு அப்படி ஒரு பெட்டி கிடையாது என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதைக் கட்டத் தெரிந்த ஆசாரிகள் இருக்கும்போதே யாராவது செய்ய வேண்டிய வேலை இது.

■ ஒரு கேமராவும் ஒரு ஊரும்

அமெரிக்காவில் மைக்கேல் பால் ஸ்மித் என்றொருவர் இருந்தார். 2018-ல் காலமானார். 1/24 மாடல் கார்களை ஒரு மேசையில் நிறுத்தி, கையால் செய்த சின்ன வீடுகளை அருகில் வைத்து, மேசையைத் தெருவில் கொண்டுபோய், நிஜ மரங்களும் வீடுகளும் பின்னால் தெரியும்படி படம் எடுப்பார். கணினி வித்தை எதுவும் கிடையாது, சாதாரணக் கேமராதான். படத்தில் எது சின்னது, எது நிஜம் என்று கண்டுபிடிக்க முடியாது. ‘எல்ஜின் பார்க்’ என்று அவர் பெயர் வைத்த அந்தக் கற்பனை ஊர், பென்சில்வேனியாவில் அவர் வளர்ந்த ஊரின் சாயல்.

வரியும் பெட்டியும்

இங்கே கிட் வாங்கிக் கட்ட நினைப்பவருக்கு முதல் அடி விலையில் விழுகிறது. சுங்க வரிப் பட்டியலில் 9503 என்றொரு தலைப்பு. மூன்று சக்கரக் குழந்தை வண்டி, பொம்மை, புதிர் விளையாட்டு ஆகியவற்றோடு ‘அளவு குறைத்த மாடல்கள்’ என்பதும் அதற்குள்தான். 2020 பட்ஜெட்டில் இந்தத் தலைப்புக்கான வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமானது. 2023-ல் 70 சதவீதமானது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயம். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொருளுக்கான தரக் கட்டுப்பாடு அது.

தரமில்லாத, விஷப் பெயின்ட் பூசிய மலிவுப் பொம்மைகளைத் தடுக்கவும், உள்நாட்டுப் பொம்மைத் தொழிலை வளர்க்கவும் வந்த நடவடிக்கை இது. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வயது பாலிடெக்னிக் மாணவன் வரவழைக்கும் லாரி கிட்டும் அதே வலையில் சிக்குகிறது. உள்நாட்டில் அதற்கு மாற்றாகக் கை நீட்டி வாங்க ஒரு கிட் தொழில் இங்கே வளரவில்லை. பெட்டியின் விலை, அனுப்பும் செலவு, அதற்கு மேல் வரி என்று ஏறி, ஆசை தொடங்கிய இடத்திலேயே பலருக்கு முடிந்துபோகிறது. பெயின்டும் பசையும் இன்னொரு தலைவலி. எளிதில் தீப்பிடிப்பவை என்பதால் விமானப் பார்சலில் ஏற்ற மாட்டார்கள்.

அரசு இரண்டு காரியம் செய்யலாம். பெரியவர்களுக்கும் தொழிற்கல்விக்கும் ஆன மாடல் கிட்டைப் பொம்மையிலிருந்து பிரித்துத் தனி வரி வகையாக்கலாம். அதைவிட முக்கியமாக, கிட்டை இங்கேயே தயாரிக்கக் கைகொடுக்கலாம். ஊசி வார்ப்பு அச்சு வெட்டும் பட்டறைகள் இங்கே இருக்கின்றன. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் கார் உதிரிப் பாகத்துக்கு அச்சு வெட்டத் தெரிந்த கைகளுக்கு, 1/24 லேலண்டு லாரிக்கு அச்சு வெட்டத் தெரியாதா?

மூக்குக்கும் தோலுக்கும்

வீட்டில் பிள்ளைகள் இதில் இறங்கினால் பெற்றோர் பயப்பட வேண்டாம், கவனிக்க வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் மாடல் பசையைப் போதைக்காக முகர்கிற பழக்கம் பெரிய பிரச்சினையானது. டெஸ்டர்ஸ் கம்பெனி 1969-ல் பசையில் கடுகு எண்ணெய்ச் சாரத்தைக் கலந்தது. முகர்ந்தால் மூக்கும் கண்ணும் எரியும். நல்ல வேளையாக அது பலரைத் தடுத்தது.

கரைப்பான் கலந்த பசை எதுவானாலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஸ்ப்ரே அடிக்கும்போது துணி மாஸ்க் போதாது. ஆவியை வடிக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். கார் பட்டறையில் கடைசியாக அடிக்கும் ஹார்ட்னர் கலந்த கிளியர் கோட்டை வீட்டுக்குள் அடிக்கவே கூடாது. அதில் வரும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது.

புதிதாக வந்திருப்பது ரெசின் 3டி பிரின்டர். திரவ ரெசின் மேல் புற ஊதா ஒளி பட்டு, முடியை விட மெல்லிய அடுக்குகளாக இறுகி, டாஷ்போர்டு மீட்டர் வரை அச்சாகிறது. ஒரு ஹெட்லைட் உடைந்தால் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்த காலம் போய்விட்டது. கணினியில் வரைந்து ராத்திரியில் அச்சடித்துக் காலையில் ஒட்டிவிடலாம். கிட்டே கிடைக்காத நம் ஊர் வண்டிகளுக்கு இதை விட நல்ல செய்தி வேறு இல்லை. ஆனால் இறுகாத ரெசின் தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை வரும். வந்துவிட்டால் போவது கடினம். நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கழுவிய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

இதோடு சேர்ந்து ஒரு நியாயப் பிரச்சினையும் வந்திருக்கிறது. ஒருவர் மாதக்கணக்கில் அளந்து வரைந்த கோப்பை இன்னொருவர் சும்மா எடுத்து அச்சடித்து விற்கிறார். வரைந்தவருக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை. சினிமா திருட்டுக்கு ஒதுக்கும் கோபத்தில் ஒரு பங்கையாவது இதற்கும் நாம் ஒதுக்க வேண்டும்.

அளக்கப் போகிறவர்களுக்கு

உங்கள் ஊர் லாரி செட்டிலோ பணிமனை ஓரத்திலோ பழைய வண்டி ஒன்று கழிவுக்குக் காத்து நின்றால், சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு அளந்துவிடுங்கள். முதலில் முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை உள்ள தூரம். மற்ற எல்லா அளவும் இதிலிருந்துதான் பிடிபடும். அடுத்து, இரண்டு முன் டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரம். பிறகு தரையிலிருந்து சேஸிஸ் மேல்விளிம்பு, கேபின் தரை, கேபின் கூரை. காற்று இறங்கிய டயரில் உயர அளவு எடுத்தால் எல்லாம் தவறாகும். பதிலாக டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து விட்டத்தைக் கணக்கிடலாம்.

படம் எடுக்கும்போது வண்டியை ஒட்டி நின்று எடுத்தால் பக்கங்கள் வளைந்து தெரியும். முடிந்தவரை பின்னால் தள்ளி நின்று, ஜூம் செய்து, நேர் முன், நேர் பின், நேர் இடம், நேர் வலம் என்று எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் வண்டி மேல் ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் சாய்த்து வையுங்கள். பெயின்டுக்கு வெயிலில் ஒரு படம், நிழலில் ஒரு படம். கதவைத் திறந்தால் உள்விளிம்பில் வெயில் படாத பெயின்ட் இருக்கும். வண்டி பட்டறையிலிருந்து வெளியே வந்த நாளில் இருந்த நிறம் அதுதான். டிரைவர் பக்கத்தில் இருந்தால் கியர் ராடு எந்த வண்டியிலிருந்து எடுத்து மாட்டியது, சீட் யார் தைத்தது, பாடி எந்தப் பட்டறை, எந்த வருஷம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தையும் மறக்காதீர்கள்: புரொப்பல்லர் ஷாஃப்ட், ஏர் டேங்க், டீசல் டேங்க் மூன்றும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதை எந்தப் புகைப்படமும் பின்னால் சொல்லாது.